கண்ணியில் மாட்டிய மரநாயும் மயக்க ஊசியும்

மயக்க ஊசி என்றதும் நம்ம பக்கத்து ஆட்களுக்கு அரிக்கொம்பன் யானைதான் ஞாபகத்துக்கு வரும். 2023 ஜூன் மாதம் தேனி மாவட்டத்தில் ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் மேல் கோதையாறு பகுதியில் விட்டார்கள். அதற்குப் பிறகு தோட்டத்துக்குள் எது நுழைந்தாலும், "ஒரு ஊசியச் சுட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பதே பேச்சாகிவிட்டது.

யானைக்குச் சரி. மூணு கிலோ மரநாய்க்கு அந்தத் துப்பாக்கி எமன். பறந்து வரும் ஊசியின் வேகமே அதன் தொடை எலும்பை முறித்துவிடும். கொஞ்சம் தவறினால் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கிவிடும். சின்ன விலங்கை மயக்குவது முற்றிலும் வேறு வேலை. அதில் டாக்டரின் பங்கு பாதிதான். மீதிப் பாதி, அவர் வந்து சேருவதற்கு முந்தின ஒன்றிரண்டு மணி நேரம் தோட்டத்தில் நிற்கும் நம் கையில் இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

சின்ன விலங்கு என்று நான் சொல்வது மரநாய், புனுகுப்பூனை, கீரி, காட்டுப்பூனை, நரி போன்றவற்றை. தாமிரபரணிக் கரைக்காரர்கள் நீர்நாயையும் சேர்த்துக்கொள்ளலாம். துரும்பன் பூனை என்று ஒன்று உண்டு. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் கிடையாது. வளர்ந்த பிறகும் ஒன்று, ஒன்றரைக் கிலோதான். வீட்டுப் பூனைக்குட்டி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். இவை எல்லாமே நம் வரப்பிலும் வாழைத் தோப்பிலும் உடைமரக் காட்டிலும் ராத்திரி நடமாடுகிறவை. எலிக்கு மருந்து வைக்கமாட்டோம் என்று முடிவெடுத்தவர்கள் நாம். அப்படியானால் எலியைப் பிடிக்கும் வேலையை யாரிடம் கொடுத்திருக்கிறோம்? ஆந்தையிடம், சாரைப்பாம்பிடம், இவற்றிடம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் எலி வெட்டிச் சாய்த்த நெல் வயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த மயக்கும் வேலைக்கு நம் மலையிலேயே ஒரு முன்னோடி வேலை நடந்திருக்கிறது. தோட்டத்துக்கு வந்த டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். 1990களின் பின்பாதியில் களக்காடு மலையில் செங்கல்தேரியில் தங்கி, திவ்யா முடப்பா என்ற ஆய்வாளர் பழுப்பு மரநாயைப் பற்றி ஆராய்ந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத விலங்கு அது. இருட்டில் மட்டும் வெளியே வரும், பகலெல்லாம் மரப்பொந்திலும் கொடிப் புதரிலும் மலை அணிலின் பழைய கூட்டிலும் தூங்கும். அப்படிப்பட்ட ஒன்று எங்கே போகிறது, என்ன தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உயிரோடு கூண்டில் பிடித்து, மயக்கி, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டால்தான் முடியும். கீட்டமின், சைலசின் என்ற இரண்டு மருந்துகளையும் கலந்து மயக்கி, அந்த அனுபவத்தை அவரும் ரவி செல்லமும் 2001இல் காட்டுயிர் நோய்களுக்கான ஒரு ஆய்விதழில் எழுதினார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து தெரிய வந்தது என்னவென்றால், பெயரளவில் ஊனுண்ணி இனமான இந்த மரநாய் பெரும்பாலும் பழம் தின்றே வாழ்கிறது. 50க்கும் மேற்பட்ட மரம், கொடிகளின் பழங்களைத் தின்று, விதைகளைக் காடு முழுக்க எச்சத்தில் போட்டுக்கொண்டே போகிறது. நம் கால்வாய்க்குத் தண்ணீர் தரும் காட்டில், சம்பளம் வாங்காமல் கன்று நடும் ஆள். நம் தோப்புக்கு வரும் சாதாரண மரநாய் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் முறை.

மருந்துக்கு வருவோம். மாடு வளர்க்கிறவர்களுக்குச் சைலசின் புதுசு இல்லை. கொம்பு அறுக்கவோ புண்ணுக்குத் தையல் போடவோ டாக்டர் ஊசி போட்டு மாட்டைச் சாய்ப்பாரே, பெரும்பாலும் அதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குதிரைக்குப் போடும் அளவில் பத்தில் ஒரு பங்கு போட்டாலே மாடு படுத்துவிடும். உடம்பு ஏறக்குறைய ஒரே எடை, மருந்தும் ஒரே மருந்து, அளவு மட்டும் பத்து மடங்கு வித்தியாசம். மாட்டுக்கும் குதிரைக்குமே இப்படி என்றால், நாய்க்குப் போடும் அளவைப் பார்த்து மரநாய்க்குப் போடலாம் என்பது எவ்வளவு ஆபத்தான கணக்கு!

சைலசினை மட்டும் போட்டாலும் காட்டு விலங்குக்கு உதவாது. தூங்குவது போலக் கிடக்கும். ஒரு சத்தம் கேட்டால் சட்டென்று எழுந்து கையைக் கவ்விவிடும். கீட்டமினை மட்டும் போட்டால் உடம்பு விறைக்கும், வலிப்பு வரும். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டுகிறது. சைலசினுக்கு யோகிம்பின் என்று மாற்று மருந்து இருக்கிறது. கீட்டமினுக்கு இல்லை, அது தானாக இறங்க வேண்டும். அதனால் மாற்று மருந்தையும் அவசரப்பட்டுப் போடக் கூடாது. கீட்டமின் உடம்பில் நிற்கும்போதே சைலசினை முறித்துவிட்டால் மிஞ்சுவது விறைப்பும் வலிப்பும்தான். மெடிடோமிடின், டைலெடமின் போன்ற மருந்துகளும் புழக்கத்தில் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது டாக்டர் பாடு.

அளவு எவ்வளவு என்று நான் எழுதப்போவதில்லை. கீட்டமின் 2013இலிருந்து, ஒவ்வொரு குப்பிக்கும் கணக்கு வைத்து விற்க வேண்டிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நாம் வாங்கவும் முடியாது, வாங்கவும் கூடாது. நமக்கு இதில் தெரிந்துகொள்ள ஒரு சங்கதி இருக்கிறது: பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் அது கையிருப்பில் இல்லாமல் போகலாம். டாக்டர் வேறு இடத்திலிருந்து எடுத்துவர நேரம் பிடிக்கும். ஆகவே விலங்கைப் பார்த்த அடுத்த நிமிஷமே வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போக வேண்டும். நாமே கொஞ்ச நேரம் முயற்சி செய்து பார்த்துவிட்டு, முடியாதபோது கூப்பிடுவது தலைகீழ். தூக்க மாத்திரையைப் பாலில் கலந்து வைப்பது, சாராயத்தில் பழத்தை ஊறவைப்பது போன்ற யோசனைகளும் நம் ஊரில் உலவுகின்றன. அதெல்லாம் மயக்கம் இல்லை, விஷம்.

போன மாசிக் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தோப்பு நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. காலை ஆறு மணி இருக்கும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தார். "அண்ணாச்சி, வேலி இடுக்குல கம்பியில ஒண்ணு கெடக்கு. பன்னி இல்ல, பூனையும் இல்ல. ஒரு எட்டு வாரியளா?" போய்ப் பார்த்தால் மரநாய். காட்டுப்பன்னிக்குப் போட்ட கிளட்ச் ஒயர் சுருக்கு அதன் இடுப்பில் இறுகியிருந்தது. சுற்றிலும் ரெண்டு முழ வட்டத்துக்கு மண்ணைப் பிறாண்டி உழுது போட்டிருந்தது. அதற்குள் அஞ்சாறு பையன்கள் செல்போனோடு நின்றார்கள். ஒருத்தன் குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு முந்தின வருஷத்துக் காட்டுப்பூனை ஞாபகம் வந்தது. வேறொரு ஊரில், இதே மாதிரிச் சுருக்கு. ஊரே கூடி நின்றது. சாக்கைப் போட்டு அமுக்க நாலு பேர் முயற்சி செய்ய, அது துள்ள, மறுபடி அமுக்க என்று ஒரு மணி நேரம் போனது. டாக்டர் வந்து பையைத் திறக்கும்போதே கால்களை நீட்டிவிட்டது. உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. வெயிலில் விரட்டி விரட்டிப் பிடித்த கோழி, கையில் எடுத்ததும் தலை தொங்கிச் செத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதுதான். பயத்திலும் போராட்டத்திலும் உடம்புச் சூடு ஏறி, தசைகளே சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் அடித்துவிடுகிறது. உடனே சாகாவிட்டாலும் ரெண்டு மூணு நாளில் செத்துவிடும். இப்படிக் களைத்துப்போன உடம்பில் மயக்க மருந்து ஏறினால் என்ன ஆகும் என்று எந்த டாக்டராலும் உறுதி சொல்ல முடியாது.

அதனால் முதல் வேலையாகப் பையன்களை வரப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பினோம். நாயைக் கட்டிப் போட்டோம். ரெண்டு கம்பை நட்டு, கட்டில் விரிப்பை மேலே போட்டு, வெளிச்சம் விழாமல் மறைத்தோம். விரிப்பு அதன் உடம்பில் படவில்லை. இருட்டு வந்ததும் துள்ளல் பாதி அடங்கிவிட்டது. இது ஆச்சரியமாக இருந்தது எனக்கு. ஒருத்தர் சொம்பில் தண்ணீரும் இன்னொருத்தர் வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள், கொடுக்க விடவில்லை. சைலசின் பூனை, நாய் மாதிரி விலங்குகளுக்கு வாந்தி வரவைக்கும். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் ஏறினால் முடிந்தது கதை. அப்புறம் எல்லாரும் தள்ளிப் போய் உட்கார்ந்தோம். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அன்றைக்குப் பெரிய வேலை.

கம்பி வைத்தவருக்கு உள்ளூர நடுக்கம். "என் மேல கேஸ் வந்துருமே அண்ணாச்சி" என்றார். அவர் பயந்தது நியாயம்தான். 1972ஆம் வருஷத்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே கண்ணி வைத்துப் பிடிப்பதும் அடங்கும். விசாரணை நடந்தது. அதை எழுதினால் அவரை அடையாளம் காட்டியது போல ஆகும், வேண்டாம். ஆனால் இந்தப் பயத்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் புதைக்கப்படும் விலங்குகள் நிறைய என்பது என் கணிப்பு.

டாக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்து, மூச்சு எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். எடை மூணு கிலோவுக்குள் இருக்கும் என்று குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டு அதற்கேற்ப மருந்தை உறிஞ்சினார். கூண்டில் இருக்கும் விலங்கு என்றால் கூண்டோடு நிறுத்து, காலிக் கூண்டின் எடையைக் கழித்துத் துல்லியமாகக் கணக்கிடலாமாம். கம்பியில் கிடப்பதை அப்படி நிறுக்க முடியாதே. நீளக் கம்பின் நுனியில் ஊசி பொருத்திய கருவியால் தொடையில் ஒரு குத்து. உடனே எல்லாரையும் இன்னும் தள்ளிப் போகச் சொன்னார். மருந்து ஏறும் அந்த அஞ்சு பத்து நிமிஷத்தில் விலங்கு மிரண்டால் மருந்து வேலை செய்யாது, ரெண்டாம் ஊசி போட வேண்டிவரும், அதுதான் ஆபத்து என்றார். ஏழாவது நிமிஷம் தலை சாய்ந்தது. பத்து நிமிஷம் ஆகும்வரை அவர் அசையவில்லை. அப்புறம் கால்விரலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டார்.

கண் திறந்தே இருந்தது. "முழிச்சிருக்கு டாக்டர்" என்று ஒரு பையன் கத்தினான். கீட்டமினில் கண் மூடாது, இமைக்கவும் செய்யாது. தூசியும் வெயிலும் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். களிம்பு தடவி, கைக்குட்டையால் கண்ணைக் கட்டினார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தை நேராக்கி, நாக்கை வெளியே இழுத்துவிட்டார். எச்சில் தொண்டையில் தேங்காமல் வடிய, வாய்ப் பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. அதன் பிறகுதான் குறடால் கம்பியை வெட்டினார். தோலுக்குள் அரை அங்குலம் புதைந்திருந்தது.

காய்கறி நிறுக்க நான் வைத்திருக்கும் தொங்கு தராசில் சாக்கோடு போட்டுப் பார்த்தோம். சாக்கைக் கழித்தால் 2 கிலோ 750 கிராம். குத்துமதிப்பு அதிகம் தப்பவில்லை. உடம்புச் சூடு 40.3 டிகிரி இருந்தது. 38, 39 இருக்க வேண்டியது. வயிற்றிலும் பாதத்திலும் ஈரத்துணி போட்டு, சொளகால் விசிறச் சொன்னார். 39க்கு வந்ததும் "போதும், துணிய எடுங்க" என்றார். நான் இன்னும் கொஞ்சம் குளிரட்டுமே என்று நினைத்தேன். மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளாதாம். சின்ன உடம்பு, வெயிலில் வைத்தால் வெந்துபோகும், ஈரத்தில் வைத்தால் விறைத்துப்போகும். மலையில் மழை நாளில் இதே வேலை செய்யும்போது வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பார்களாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சு, நாடி, சூடு மூன்றையும் அவர் சொல்லச் சொல்ல, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஈறின் நிறத்தையும் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கி விட்டால் வெளுத்த இடத்தில் ரெண்டு விநாடிக்குள் ரத்தம் திரும்ப வேண்டும். நம் ஆட்டுக்கு ரத்தச்சோகை பார்ப்பது மாதிரிதான்.

புண்ணைக் கழுவி மருந்து வைத்தார். சரி, மயக்கம் தெளிந்ததும் இங்கேயே விட்டுவிடலாம் என்று நாங்கள் நினைத்தோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தில் அவர் சொன்னதை நம் எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பி இறுக்கிய இடத்தில் மணிக்கணக்கில் ரத்தம் ஓடாமல் இருந்திருக்கும். கம்பியை எடுத்த அன்று தோல் நன்றாகத்தான் தெரியும். மூணு நாள், ஒரு வாரம் கழித்துத்தான் அந்தச் சதை செத்து, கறுத்து, அழுகத் தொடங்கும். "கம்பிய வெட்டி விட்டோம், ஓடிப் போச்சு" என்று சந்தோஷமாகச் சொல்கிறோமே, அது எங்கேயோ புதருக்குள் புழு வைத்துச் சாவது நமக்குத் தெரிவதில்லை. இந்த மரநாய்க்கும் நாலாம் நாள் இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்து உரிந்ததாகப் போனில் சொன்னார்.

நாற்பது நிமிஷம் கழித்து மாற்று மருந்து போட்டு, மரப்பெட்டிக்குள் வைக்கோல் போட்டு வைத்து, சாக்கால் மூடி எடுத்துப் போனார்கள். தண்ணீர்க் கிண்ணம் உள்ளே வைக்கவில்லை. அரைத் தெளிவில் தலை கிண்ணத்துக்குள் கவிழ்ந்தாலே மூழ்கிவிடும். பதினோராம் நாள் சாயங்காலம் இருட்டும் நேரத்தில், பிடித்த அதே வேலிக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்தார்கள். வேறு நல்ல காட்டில் விடலாமே என்று கேட்டேன். அந்தக் காட்டில் ஏற்கெனவே இன்னொரு மரநாய் குடியிருக்கும், இது அங்கே பொந்து எங்கே, பழம் எங்கே என்று தெரியாமல் அலைந்து அடிபடும் என்றார். திறந்த பெட்டியிலிருந்து கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. நாங்கள் பேச்சை நிறுத்திய பிறகு வந்து, ஒரு தென்னையை மோந்து பார்த்துவிட்டு இருட்டுக்குள் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் ஊசி தேவை என்று நினைத்துவிடாதீர்கள். பாதி நேரம் தேவையே இல்லை. கிணற்றில் விழுந்த மரநாயோ காட்டுப்பூனையோ உடம்பு நன்றாக இருந்தால், ஒரு நீள மூங்கிலில் சாக்கைச் சுற்றிக் கட்டிச் சாய்வாக இறக்கிவிட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ராத்திரி அது ஏறிப் போய்விடும். தண்ணீருக்குப் பக்கத்தில் மயக்க ஊசி போடுவது மூழ்கடிப்பதற்குச் சமம். தட்டோட்டிலோ பரணிலோ மரநாய் குட்டி போட்டிருந்தால் சில வாரம் பொறுத்தால் தானே கூட்டிக்கொண்டு போகும். கோழிக்கூட்டுக்குள் புகுந்து மாட்டிக்கொண்டதா, கதவைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். காயம் பட்டது, கம்பியில் மாட்டியது, நிற்க முடியாமல் சாய்வது, பகலில் மிரட்சி இல்லாமல் ஊருக்குள் திரிவது, இவற்றுக்குத்தான் டாக்டர். கடைசியாகச் சொன்ன வகையில் வெறிநோய் இருக்கலாம், கிட்டே போகவே கூடாது. பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

கோழி போவது வலிக்கத்தான் செய்கிறது. எனக்கும் போயிருக்கிறது. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல் வைப்பது மரநாய்க்குத் தடை இல்லை. அறுகோணக் கோழிவலையும் போதாது, கையை உள்ளே விட்டு இழுத்துவிடும். அரை அங்குல வெல்டிங் வலை, கீழேயும் வலை அல்லது கல் தளம், கதவுக்குக் கொக்கி இல்லாமல் தாழ்ப்பாள், இருட்டுவதற்குள் அடைப்பது. நான் இப்படிச் செய்து ரெண்டு வருஷம் ஆகிறது. காட்டுப்பன்னிக்கு இவ்வளவு சுலபமான பதில் என்னிடம் இல்லை. சூரிய மின்வேலி போட்டிருக்கிறேன், புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் படுத்துவிடுகிறது, வாரம் ஒருமுறை அறுக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் கிளட்ச் ஒயரில் பன்னி மாட்டியதை விட மற்றவை மாட்டியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கள் மோட்டார் ரூம் கதவில் வனச்சரக அலுவலக எண்ணைப் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு பழைய கட்டில் விரிப்பும் குறடும் தொங்குகின்றன. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பார்த்து எழுதிக்கொண்டார். அவர் எழுதியதில் ஒரு இலக்கம் தப்பு. போன வாரம் போய்த் திருத்திவிட்டு வந்தேன்.